மன்னார் வளைகுடாவில் கடற்காற்றாலை: நுரையீரலுக்கும் துறைமுகத்துக்கும் கிடைக்கப்போவது என்ன?

#1 கடற்காகம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவுவதற்காக 2024 ஜூன் மாதத்தில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 6,853 கோடி ரூபாய் காற்றாலைகளுக்கான உதவித்தொகை. மீதி 600 கோடி ரூபாய் இரண்டு துறைமுகங்களைத் தயார்ப்படுத்துவதற்கு. அன்று முதல் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும், ஒரு யூனிட் என்ன விலைக்கு விழும் என்ற கேள்வியில் தொடங்கி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. விலை முக்கியம்தான். ஆனால் மின் கட்டண அட்டையில் ஏறாத இன்னொரு விலையைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீடு கடலோர அனல் மின் நிலையம் ஒன்றிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும் மாதங்களில் அம்மா துணிகளை மாடியில் உலர்த்த மாட்டார். கூடத்துக்குள் கயிறு கட்டித்தான் உலர்த்துவார். தண்ணீர்க் குடத்தின் வாயில் காலையில் கட்டிய வெள்ளைத் துணி மாலைக்குள் பழுத்த நிறமாகியிருக்கும். என் தம்பிக்கு ஆறு வயதில் இளைப்பு தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடியும் வரை அவன் புத்தகப் பையில் இன்ஹேலர் இல்லாத நாள் இல்லை. அதற்கு அந்த நிலையம் மட்டுமே காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அவனுக்காக அப்பா செலவழித்த பணமும், அம்மா வேலைக்குப் போகாமல் விட்ட நாட்களும் எந்த மின்சாரக் கணக்கிலும் சேரவில்லை என்பது உறுதி.

ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். கடலில் நிற்கும் 500 மெகாவாட் காற்றாலைகள் ஆண்டு முழுவதும் சராசரியாகத் தம் திறனில் 40 சதவீதம் இயங்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 175 கோடி யூனிட் கிடைக்கும். அதே மின்சாரத்தை நம் நாட்டு நிலக்கரியில் எடுக்க, யூனிட்டுக்கு 700 கிராம் என்ற வழக்கமான அளவில், சுமார் 12 லட்சம் டன் எரிக்க வேண்டும். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்பதால், ஆண்டுதோறும் 4 லட்சம் டன் சாம்பலைக் குளம் வெட்டிக் கொட்டவும் வேண்டும். இந்த வரவையும் செலவையும் யார் பெயரில் எழுதுவது? மாற்றுக் கருத்து உள்ளவர்களே முதலில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#2 ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அன்புள்ள கடற்காகம், உங்கள் வீட்டு நிலையைப் படித்து வருந்தினேன். எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்சுமை அனுப்பும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், உங்கள் கணக்கில் ஒரு கண்ணி அறுந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். காற்றாலையில் 175 கோடி யூனிட் உற்பத்தியானால் நிலக்கரியில் 175 கோடி யூனிட் குறையும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அது தானாக நடப்பதில்லை.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் எழுந்த காலத்திலிருந்து நாம் காற்றோடு பழகி வருகிறோம். முப்பந்தலும் கயத்தாறும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சுற்றித் தள்ளும். அந்த மாதங்களின் சில இரவுகளில், வரும் மின்சாரத்தை வாங்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிய அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஏனென்றால் அனல் அலகு ஒன்றை அணைத்துவிட்டு மறுநாள் மாலையில் உடனே எழுப்ப முடியாது. கொதிகலன் குளிர்ந்துவிட்டால் மீண்டும் முழுச் சுமைக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே அதைக் குறைந்த சுமையில் புகைய விட்டுக்கொண்டே இருப்போம். கடலிலும் அதே ஆடி மாதத்தில்தான் காற்று வலுவாக வீசும் என்றால், மிகுதியோடு மிகுதி சேரும், புகைபோக்கி அணையாது.

நான் கடற்காற்றாலைக்கு எதிரி அல்லன். எந்த அலகு, எந்தத் தேதியில் மூடப்படும் என்று எழுதாத திட்டத்திலிருந்து மூச்சுக்கு நன்மை வரும் என்று என்னால் ஏற்க முடியவில்லை என்பதே என் தரப்பு.

#3 நுரையீரல் மருத்துவர்

பொறியாளர் ஐயா எழுப்பிய வினா சரியானது. அதற்கு விடை தேடும் முன், எது குறைந்தால் நோய் குறையும் என்பதில் நாம் தெளிவடைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாம்பலைத்தான் மக்கள் அஞ்சுகிறார்கள். கடற்காகம் எழுதிய குடத்துத் துணியின் கறை மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும் பருமனான தூசு. அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாதது.

புகைபோக்கியில் உள்ள மின்னிலை வடிகட்டி தூசைப் பெருமளவு பிடித்துவிடும். கந்தக டையாக்சைடு வாயுவை அது பிடிக்காது. அந்த வாயு காற்றில் கலந்து, ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் நுண்ணிய சல்பேட் துகள்களாக மாறுகிறது. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த அத்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை இறங்குகின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்திலேயே கலக்கின்றன. ஆஸ்துமா மட்டும் அல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 200 மீட்டருக்கு மேல் உயரமாகப் புகைபோக்கி கட்டினால் அருகில் உள்ள ஊர் ஓரளவு தப்பும். ஆனால் அதே வாயு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி, அனல் நிலையத்தைப் பார்த்தே இராத ஊர்களில் துகளாக இறங்கும். நோயாளியிடம் உங்கள் வீட்டருகே ஆலை இருக்கிறதா என்று கேட்டு அவர் இல்லை என்றால், அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிடுகிறோம். அது தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இத்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. நம் நாட்டின் வரம்பு இன்னும் 40. 2015 டிசம்பரில் வெளிவந்த விதிகளின்படி 2017-க்குள் அனல் நிலையங்கள் கந்தகத்தைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். அந்தக் கெடு பலமுறை தள்ளிப்போனது.

குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, 1999 முதல் 2020 வரை அனல் நிலையங்களின் நுண்துகளால் சுமார் 4,60,000 முதியோர் இறந்தனர் என்று கணக்கிட்டது. நிலக்கரியிலிருந்து வரும் துகளின் ஆபத்து, பிற மூலங்களிலிருந்து வரும் அதே அளவு துகளின் ஆபத்தைவிட இரு மடங்குக்கும் மேல் என்றும் அது காட்டியது. அக்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 43,000 ஆக இருந்த இறப்பு, 2020-இல் 1,600 ஆகக் குறைந்துவிட்டது. வடிகட்டிகள் பொருத்தப்பட்டதும் நிலையங்கள் மூடப்பட்டதும் இதற்குக் காரணங்கள். உடல் நன்றியுள்ளது, புகை நின்றால் அது உடனே பதில் சொல்லத் தொடங்குகிறது. இதை என் பணியில் நாள்தோறும் காண்கிறேன்.

#4 ஹம்பர்க்கரைத் தமிழன்

நான் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் கழிமுகப் பகுதியில், கடற்காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். பொறியாளர் ஐயா கேட்ட தேதி இந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லவே வந்தேன்.

2012-இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2013-இல் கரிம உமிழ்வுக்கு வரி போட்டார்கள். 2015-இல் நிலக்கரி நிலையங்கள் எல்லாம் மூடப்படும் என்று அரசு கெடு வைத்தது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. அதே ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் கடற்காற்றிலிருந்து வந்தது. காற்றாலை மட்டுமே நிலக்கரியை வெளியேற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். வரியும் கெடுவும் எரிவாயுவும் சேர்ந்துதான் வெளியேற்றின. ஆனால் அந்த இடத்தை நிரப்பக் கடலில் காற்றாலைகள் நின்றுகொண்டிருந்ததால், கெடுவைத் தள்ளிப்போட எவருக்கும் சாக்கு கிடைக்கவில்லை.

பொருளாதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. கிரிம்ஸ்பி ஒரு காலத்தில் பெரும் மீன்பிடித் துறைமுகம். 1970-களில் ஐஸ்லாந்துடன் நடந்த காட் மீன் பூசலுக்குப் பிறகு தொலைகடல் படகுகள் அழிந்தன. ஒரு தலைமுறைக்கே வேலை இல்லாமல் போயிற்று. இன்று அதே துறைமுகத்திலிருந்துதான் 1.2 ஜிகாவாட் ஹார்ன்சீ 1, 1.3 ஜிகாவாட் ஹார்ன்சீ 2 ஆகிய கடற்காற்றாலைத் தொகுதிகளுக்குப் பராமரிப்புக் கப்பல்கள் கிளம்புகின்றன. நாங்கள் இரண்டு வாரம் கப்பலிலேயே தங்கிப் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை செய்வோம். அடுத்த இரண்டு வாரம் வீட்டில் இருப்போம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹல் நகரத்தின் அலெக்சாண்ட்ரா துறையில் 2016 முதல் காற்றாலை இறக்கைகள் செய்யப்படுகின்றன. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். கண்ணாடி இழையை அச்சில் படுக்க வைத்துப் பிசின் ஏற்றும் அந்த வேலையில், முன்பு வேறு தொழிலில் இருந்து பயிற்சி பெற்று வந்தவர்களும் உண்டு.

இந்த வேலைகள் தானாக வந்து இறங்கவில்லை. இறக்கை நீளமாக நீளமாக அதை லாரியில் சாலை வழியே கொண்டுபோக முடியாது. ஆகவே கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே ஆலை வைக்க வேண்டியதாகிறது. பொருளின் அளவே வேலையைக் கரையோடு கட்டிப்போடுகிறது. தூத்துக்குடியின் வ.உ.சி. துறைமுகத்துக்கு அந்த 600 கோடியில் வரும் பங்கை நான் மிக ஆவலோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

#5 வலைக்காரர் மகள்

மேலே எழுதிய எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்பவர். காற்றாலை நல்லதா கெட்டதா என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியிலும் கடல் வெற்றிடமாக இருக்கிறது. தரையில் ஆயிரம் ஏக்கர் எடுத்தால் பட்டா யாருடையது என்று கேட்பீர்கள். கடலில் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இல்லை.

மன்னார் வளைகுடாவில் கடலடித் தரை எங்கும் ஒன்றுபோல் இருக்காது. பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடத்தில்தான் மீன் அடையும்; ஒவ்வொரு பாருக்கும் எங்கள் பெரியவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், கரையில் உள்ள கோபுரத்தையும் மரத்தையும் கணித்து இடம் பிடிப்பார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுத்த மாதங்களில் தொழிலுக்குப் போகும் நாளே குறைவு. பங்குனி, சித்திரையில் கடல் தணிந்திருக்கும்போதுதான் நாங்கள் சம்பாதிக்க முடியும். காற்றாலைக்குத் தூண் அடிக்கும் கப்பலுக்கும் அதே தணிந்த கடல்தானே வேண்டும்? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருப்பதால் அந்த நாட்களில் கடல் சும்மா கிடக்கிறது என்று யாராவது நினைத்தால், அது நாட்டுப்படகுக்காரர்களை மறந்த நினைப்பு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவில் இருப்பதால் அங்கும் நாங்கள் போக முடியாது. ஒரு பக்கம் பூங்கா, ஒரு பக்கம் இலங்கையோடான எல்லைக்கோடு, நடுவில் காற்றாலை என்றால் வள்ளம் எங்கே போகும்?

மருத்துவர் அம்மா எழுதியதைப் படித்தபோது என் மனம் இரண்டாகப் பிரிந்தது. அனல் நிலையத்தின் சுடுநீர் கலக்கும் இடத்தில் மீன் விலகிப் போவதையும், சாம்பல் படிந்த முகத்துவாரத்தையும் எங்கள் மக்கள் பார்த்திருக்கிறார்கள். புகை நிற்க வேண்டும் என்று நாங்களும் விரும்புகிறோம். ஆனால் ஒரு தீமையை எங்கள் கரையில் இறக்கினார்கள். இப்போது அதற்கான மருந்தையும் எங்களைக் கேட்காமல் எங்கள் கடலில் இறக்கப்போகிறார்கள்.

#6 ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

தங்கையின் பதிவுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதைக் கேட்டுக்கொள்கிறேன். ஹம்பர்க்கரைத் தம்பிக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று, விலை. உங்கள் நாட்டு ஏலத்தில் 2015-இல் ஒரு மெகாவாட் மணிக்கு 115 பவுண்டை ஒட்டியிருந்த விலை, 2022-இல் 37.35 பவுண்டாக இறங்கியது. இரண்டும் 2012-ஆம் ஆண்டு விலைவாசிப்படி. ஆனால் 2023 ஏலத்தில் கடற்காற்றாலைக்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. எஃகும் வட்டியும் ஏறியதை அரசு வைத்த உச்சவரம்பு கணக்கில் எடுக்காததே காரணம். மலிவு என்பதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு, உதவித்தொகை. 6,853 கோடியை 1,000 மெகாவாட், 40 சதவீதம், 25 ஆண்டு என்று பங்கிட்டுப் பார்த்தேன். வட்டி சேர்க்காமல் யூனிட்டுக்கு ஏறக்குறைய 78 பைசா வருகிறது. மருத்துவர் சொன்ன மருத்துவச் செலவையும், ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயிலிலும் அங்கிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலிலும் நிலக்கரி வந்து சேரும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 78 பைசா என்னை அச்சுறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கப்பல் கட்டணம் ஏறினால் ஏறும் விலை அல்ல அது; காற்றுக்கு யாரும் சரக்குக் கட்டணம் கேட்பதில்லை.

#7 ஹம்பர்க்கரைத் தமிழன்

தங்கையே, இங்கும் உங்கள் கேள்விதான் முதலில் எழுந்தது. ஹோல்டர்னஸ் கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவில் வெஸ்டர்மோஸ்ட் ரஃப் என்ற 35 காற்றாலைகள் நிற்கின்றன. அது இறால் இனத்துப் பெரிய லாப்ஸ்டரைக் கூண்டு வைத்துப் பிடிப்பவர்களின் இடம். அந்த மீனவர்கள் மற்றவர் கணக்கை நம்பாமல், தங்கள் சங்கத்தின் சொந்த ஆய்வுப் படகிலேயே, கட்டுமானத்துக்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் ஒரே முறையில் கூண்டு வைத்து அளந்தார்கள். கட்டும் காலத்தில் பகுதி மூடப்பட்டிருந்தபோது லாப்ஸ்டர் பெருகியது; திறந்த பிறகு அந்தப் பெருக்கம் மறைந்தது; ஆறு ஆண்டு முடிவில் கேடு ஏதும் தெரியவில்லை. எனினும் இதைக் கொண்டுவந்து மன்னார் வளைகுடாவுக்கு விடையாகத் தர மாட்டேன். கூண்டு ஓரிடத்தில் கிடக்கும். வலை நீரோட்டத்தோடு போகும். பெல்ஜியத்தில் காற்றாலைப் பகுதிக்குள் மீன்பிடிக்கவே அனுமதி இல்லை; பிரிட்டனில் பெரும்பாலும் உண்டு. ஆக, உள்ளே போக முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது அரசு எழுதும் விதி.

கடல் உயிர்களைப் பாதிக்கும் தூண் அடிக்கும் ஓசையும் அப்படியே. ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று விதி இருப்பதால், தூணைச் சுற்றிக் கடலடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழித் திரை எழுப்பி ஒலியை மட்டுப்படுத்துகிறார்கள். விதி இல்லாத இடத்தில் யாரும் தாமாக அந்தச் செலவைச் செய்வதில்லை.

#8 கடற்காகம்

இவ்வளவு கவனமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நான் தொடங்கியபோது வைத்திருந்த கணக்கைப் பொறியாளர் ஐயாவும் தங்கையும் திருத்திவிட்டார்கள். 12 லட்சம் டன் நிலக்கரி மிச்சமாகும் என்று நான் எழுதியது, மிச்சப்படுத்த யாராவது கட்டுப்பட்டிருந்தால் மட்டுமே உண்மை. இப்போது என் கருத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: கடற்காற்றாலை ஒப்பந்தத்தில் மெகாவாட்டும் விலையும் மட்டும் இருந்தால் அது மின்சாரத் திட்டம், மூட வேண்டிய பழைய அலகின் பெயரும் தேதியும் அதோடு சேர்ந்தால்தான் அது சுகாதாரத் திட்டமும் ஆகும். 1979 முதல் தொடங்கப்பட்ட பழைய அலகுகள் நம் கரையில் இருக்கும்போது, பெயர் தேடுவது கடினம் அல்ல.

ஆடி மாத மிகுதி பற்றி ஐயாவுக்கு ஒரு சிறு பதில். தனுஷ்கோடிப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் வாடை எழுகிறது. கணவாய்க் காற்றை மட்டும் நம்பியிருக்கும் முப்பந்தலைப் போல அது ஒருபருவக் காற்று அல்ல. மிகுதி இரவுகளுக்குக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் நிலையத்துக்கான திட்டமும் உண்டு. காற்று மிகுந்த இரவில் நீரை மேலேற்றி, மாலை உச்சத்தில் இறக்கினால், அனல் அலகைப் புகைய விட்டு வைத்திருப்பதற்கான காரணங்களில் ஒன்று குறையும்.

#9 ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

காடம்பாறையில் நானே பணியாற்றியிருக்கிறேன். நீரேற்றும் நேரம் சில மணிகள்தான். நாள்கணக்கில் வீசும் காற்றை அது தாங்காது. ஆனால் இரண்டு நிலையங்களும், அண்டை மாநிலங்களுக்கு அனுப்பும் பாதையும் சேர்ந்தால், முதுமையடைந்த ஓர் அலகையாவது காற்றுப் பருவம் முழுவதும் குளிர வைக்கலாம். பருவ காலத்துக்கு மட்டும் மூடுவதிலிருந்து தொடங்கலாம் என்றால் நான் கையெழுத்திடுகிறேன்.

#10 நுரையீரல் மருத்துவர்

பருவ மூடல் என்ற அந்த யோசனைக்கு மருத்துவப் பயன் ஒன்றும் உண்டு. ஓர் அலகு ஐந்து மாதம் அணைந்திருந்தால், அந்த மாதங்களில் சுற்றுவட்டார அரசு மருத்துவமனைகளில் நெபுலைசர் தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையை முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடலாம். மழை, காற்றின் திசை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனினும் செய்யத்தக்க ஆய்வு. காற்றாலைகள் எழுவதற்கு முன்பே, இப்போதிருந்தே, பதிவேட்டை ஒழுங்காக வைக்கத் தொடங்கினால்தான் பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும்.

#11 வலைக்காரர் மகள்

பதிவேடு என்றதும் எனக்கும் ஒன்று தோன்றியது. ஹம்பர்க்கரை அண்ணன் சொன்ன மீனவர்களைப் போல, எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்களின் பெயர், ஆழம், எந்த மாதத்தில் என்ன மீன், எந்த வலை என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அப்பாவின் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து இடக்குறிகளையும் எடுக்கிறேன். இதுவரை பதினான்கு பார்கள் ஆகியிருக்கின்றன. இதை யாரிடம் கொடுத்தால் காற்றாலைத் தூண் வைக்கும் வரைபடத்தில் ஏறும்? இடக்குறிகளை வெளியே கொடுத்தால் வேறு ஊர் விசைப்படகுகள் வந்துவிடும் என்று அப்பா அஞ்சுகிறார். அதுவும் நியாயமான அச்சமே.

#12 கடற்காகம்

2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி கடற்காற்றாலைக்கான பொறுப்பு அமைப்பு சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம். கடலை அளந்து தொகுதிகளாகப் பிரிக்கும் வேலை அவர்களிடம் இருப்பதால், விண்ணப்பம் முதலில் அங்கே போக வேண்டும். ஒரு படி உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் போகட்டும். அப்பாவின் அச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது. துல்லியமான புள்ளியைக் கொடுக்காமல், பல பார்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக வரைந்து, இக்கட்டத்துக்குள் தூணும் வேண்டாம், கேபிளும் வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள். பெயர்களும் ஆழமும் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும். ஊர்க் கமிட்டியின் கையெழுத்தும் தேதியும் இருந்தால், பின்னாளில் இந்த இடம் வெற்றுக் கடல் என்று எவரும் எழுத முடியாது. கட்டம் வரைவதற்கு உதவி வேண்டுமானால் தனிமடலில் எழுதுங்கள், இந்த வாரமே உட்கார்ந்து செய்துவிடலாம்.